பாத்திரக்கடைக்கு இரண்டு லைன், நான்கு கார்ட்லெஸ்: எதை வாங்குவது?

கும்பகோணம் பித்தளை | திங்கள், இரவு 10:15

வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

எங்களுடையது பாத்திரக்கடை. தாத்தா காலத்துக் கட்டடம். முன்னால் கடை, நடுவில் பெயர் வெட்டும் இடமும் கணக்கு எழுதும் அறையும், பின்னால் குடோன், மேலே வீடு. தெருவாசலிலிருந்து குடோனின் கடைசிச் சுவர் வரை 90 அடி இருக்கும், அகலம் வெறும் 18 அடி. ரயில்பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்லைன் இரண்டு. ஒன்று கடை நம்பர், மற்றது வீட்டு நம்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்ட்லெஸ். இரண்டும் கறுப்பு, இரண்டும் கல்லா மேசையில்தான் கிடக்கின்றன. எது அடித்தாலும் அப்பா பக்கத்தில் இருப்பதை எடுத்து "அலோ, அலோ" என்று கத்துவார், மற்றது அடித்துக்கொண்டே இருக்கும். இது தினசரி நாடகம்.

பெரிய தொல்லை வேறு. யாராவது போன் செய்து "இருபது படி அண்டா இருக்கா, என்ன எடை?" என்று கேட்டால், பையன் ஹேண்ட்செட்டைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு ஓடுவான். பாதி வழியிலேயே கர்ர் என்று சத்தம் வந்து கட் ஆகிவிடும். தை மாதம் சீர்வரிசை ஆர்டர் வரும் நேரத்தில் இப்படி எத்தனை வாடிக்கையாளரை இழந்தோமோ.

வேண்டியது இவ்வளவுதான்: நான்கு ஹேண்ட்செட் (கல்லா, கணக்கு அறை, குடோன், மாடி), எதிலிருந்தும் எந்த லைனையும் எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்ததை இன்னொருவருக்கு மாற்றிவிட வேண்டும். பட்ஜெட் இருபதாயிரம். நியூ ஜெர்சி மச்சான் அடுத்த மாதம் வருகிறார். அங்கே நான்கு லைன் கார்ட்லெஸ் சர்வசாதாரணம், வாங்கி வரவா என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?

---

ஆன்டெனா மாமா | திங்கள், இரவு 10:52

மச்சானை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் மூன்று கேள்வி.

இரண்டு லைனும் செம்புக் கம்பியில் வருகிறதா, ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறதா? இரண்டும் ஒரே நிறுவனமா? நான்கு ஹேண்ட்செட் என்கிறீர்களே, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவீர்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். அதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் இருப்பதை உங்கள் தலையில் கட்டிவிடுவார். இதைப் பாத்திரக்கடைக்காரரிடம் நான் சொல்கிறேன் பாருங்கள்.

---

ஸ்கார்பரோ கணக்கர் | செவ்வாய், காலை 6:20

நான் டொரோண்டோ பக்கத்தில் வரிக்கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். எங்களிடம் இருப்பது ஏடி அண்ட் டி பெயரில் வரும் சின்ஜே, நான்கு லைன். நடு மேசையில் வயருள்ள பெரிய போன், அதோடு கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டுகள், பத்து எக்ஸ்டென்ஷன் வரை சேர்க்கலாம். (பெயர்தான் ஏடி அண்ட் டி, உரிமம் வாங்கிச் செய்கிறவர்கள் ஹாங்காங்கின் விடெக்.) மார்ச், ஏப்ரலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு லைனில் கதைப்போம், ஒரு பிரச்சினையும் இல்லை. லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு எரியும், எது பிசி என்று தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் அப்பாவுக்கு அதுவே பெரிய உதவி.

வாங்கிக் கொண்டுவரச் சொல்லுங்கோ தம்பி. பெட்டிக்குள் பெரிய இடமும் பிடிக்காது.

---

ஆன்டெனா மாமா | செவ்வாய், காலை 7:05

அண்ணா, டொரோண்டோவில் அது அருமையான போன். கும்பகோணத்தில் அதை எடுத்துவந்து செருகக் கூடாது. "வேலை செய்யாது" என்று சொல்லவில்லை, சிக்கலே அது வேலை செய்வதால்தான் வரும்.

டெக்ட் என்பது கார்ட்லெஸ்ஸின் பேஸும் ஹேண்ட்செட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் டெக்ட் 6.0 போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசுகின்றன. ஐரோப்பாவின் டெக்ட் 1880 முதல் 1900 வரை, நம் கடைகளில் விற்கும் டெக்டும் அந்தக் கணக்குதான். நம் ஊரில் 1920-க்கு மேல் மொபைல் நிறுவனங்களின் 2100 பட்டை ஆரம்பிக்கிறது. உங்கள் கைபேசி டவருக்குப் பேசுகிற பக்கம் அது. அதாவது மச்சானின் போன் கல்லாவில் உட்கார்ந்து, தெருக்கோடி டவரின் காதுக்குள் கூச்சலிடும். அந்த அலைவரிசைக்குக் காசு கட்டியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

6.0 என்றதும் ஆறாம் தலைமுறை, நம்முடையது பழசு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் விற்பனைப் பெயர். தொழில்நுட்பம் ஒன்றேதான், இடம் மட்டும் தள்ளிவைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே 5 அலைவரிசை, இங்கே 10. ஒவ்வொன்றிலும் 12 பேச்சு. ஆக அவர்களுக்கு 60 தடம், நமக்கு 120.

இன்னும் இரண்டு விஷயம். அங்கத்திய அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் செருகினால் ஒரு வாசனை வரும், அவ்வளவுதான். அப்புறம், அழைப்பவர் நம்பரை லைனில் அனுப்ப இரண்டு முறை உண்டு. அமெரிக்க போன் எஃப்எஸ்கே முறையில் எதிர்பார்க்கும். நம் ஊரில் பல எக்ஸ்சேஞ்சுகள் அனுப்புவது டிடிஎம்எஃப், அதாவது பட்டன் அழுத்தினால் வருகிற அதே ஒலி. திரை காலியாகவே இருக்கும்.

---

ஸ்கார்பரோ கணக்கர் | செவ்வாய், காலை 7:31

இது எனக்குத் தெரியாது. நல்லவேளை, போன வருடம் யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டுக்கு ஒன்று கொண்டுபோக யோசித்து, எடை கூடிவிட்டது என்று விட்டுவிட்டேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, மற்றவர்களும் படிக்கட்டும்.

---

கும்பகோணம் பித்தளை | செவ்வாய், மதியம் 2:40

மாமா, உங்கள் கேள்விகளுக்குப் பதில்: கடை நம்பர் முன்பு செம்பு, இரண்டு வருடத்துக்கு முன் ஃபைபருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். வீட்டு நம்பர் வேறு நிறுவனத்தின் ஃபைபரோடு வந்தது. ஆக இரண்டு பெட்டி, இரண்டின் முதுகிலும் போன் செருகும் ஓட்டை. இரண்டும் கணக்கு அறையில்தான் இருக்கின்றன.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்றால்... வெளியே இரண்டு பேர், அதுதான் அதிகபட்சம். அப்பா ஒருவரிடம், நான் ஒருவரிடம். அந்த நேரத்தில் கல்லாவிலிருந்து குடோனுக்கு உள்ளே பேசவும் வேண்டும்.

---

இன்டர்காம் மெக்கானிக் | செவ்வாய், இரவு 9:10

திருச்சியில் இன்டர்காம், ஈபிஏபிஎக்ஸ் (கட்டடத்துக்குள்ளேயே வைக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) போடும் வேலை, பதினெட்டு வருடமாக. லாட்ஜ், நகைக்கடை, நர்சிங் ஹோம் எல்லாம் பார்த்தாயிற்று. உங்கள் கேள்வியை வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடையில் "ஆறு ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம்" என்று பெட்டியில் போட்ட கார்ட்லெஸ்ஸைக் காட்டுவார்கள். சேர்க்கலாம், பொய்யில்லை. ஆனால் அந்த பேஸின் (லைன் வயர் செருகும் அடிப்பெட்டி) பின்னால் பாருங்கள், வெளிலைன் செருக ஒரே ஒரு ஓட்டை இருக்கும். ஆறு பேர் கையில் போன் இருந்தும், வெளியே பேசுவது ஒருவர். மற்றவர்கள் உள்ளுக்குள் பேசலாம், அல்லது அதே பேச்சில் நுழையலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒற்றை லைன் ரகம்தான். அமெரிக்காவில் இரண்டு லைன், நான்கு லைன் என்று கார்ட்லெஸ்ஸுக்குள்ளேயே எக்ஸ்சேஞ்சை வைத்துவிட்டார்கள். இங்கே அந்த வேலையை எப்போதும் தனிப்பெட்டி செய்தது. அதனால்தான் நாம் கடையில் தேடித்தேடி ஏமாறுகிறோம்.

கார்ட்லெஸ்ஸிலேயே இரண்டு லைனைத் தேடாதீர்கள். ஒரு சின்ன ஈபிஏபிஎக்ஸ் பெட்டி வாங்குங்கள். இரண்டு லைனும் அதற்குள் போகட்டும். அதிலிருந்து நான்கு எக்ஸ்டென்ஷன் வயர் எடுங்கள். எந்த வயரின் முனையில் சாதா போன், எதில் கார்ட்லெஸ் என்பது உங்கள் இஷ்டம். எல்லாரும் எல்லாரோடும் பேசலாம், எந்த லைனையும் எடுக்கலாம், மாற்றிவிடலாம்.

208, 308 என்று பெயரில் எண் போட்டு வரும் பெட்டிகள் உண்டு. முதல் எண் வெளிலைன், கடைசி எண் எக்ஸ்டென்ஷன். 208 என்றால் இரண்டு லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் பானசோனிக்கின் கேஎக்ஸ்-டிஇஎஸ்824. மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷனில் ஆரம்பித்து, கார்டு போட்டால் எட்டு லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகும். நான் பத்து வருடத்துக்கு முன் மாட்டியது இன்னும் லாட்ஜ் ரிசப்ஷனில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் எடுங்கள், ஆனால் இடி விழுந்த பெட்டியா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். லைன் கார்டில் கருகல் இருந்தால் தொடாதீர்கள்.

---

கோவை நெட்வொர்க் | செவ்வாய், இரவு 11:48

மெக்கானிக் அண்ணே, மரியாதையாகவே சொல்கிறேன், இது 2005-இன் தீர்வு. இன்றைக்கு எஸ்ஐபி டெக்ட் இருக்கிறது, அதாவது போன் வயருக்குப் பதில் இணையம் வழியே பேசும் கார்ட்லெஸ். யீலிங்க் டபிள்யூ70பி என்ற பேஸ், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பத்து ஹேண்ட்செட், ஒரே நேரத்தில் இருபது பேச்சு. பானசோனிக் டிஜிபி600 எட்டு ஹேண்ட்செட், எட்டுப் பேச்சு. கிகாசெட் என்510 ஆறு ஹேண்ட்செட், நான்கு பேச்சு. அவரவர் தேவைக்கு எடுக்கலாம். நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகிறது, தனி அடாப்டர் வேண்டாம். குரலும் தெளிவாக, சுத்தமாக இருக்கும்.

---

இன்டர்காம் மெக்கானிக் | புதன், காலை 8:15

தம்பி, பெட்டி நல்ல பெட்டி, சந்தேகமே இல்லை. நானும் இரண்டு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறேன். ஆனால் அவருடைய இரண்டு நம்பரும் ஃபைபர் பெட்டியின் போன் ஓட்டையில் சாதா டயல்டோனாக வருகின்றன. யீலிங்க் பேஸுக்கு டயல்டோன் தெரியாது, எஸ்ஐபி கணக்கும் பாஸ்வேர்டும் வேண்டும். வீட்டு இணைப்புக்கு அதை நிறுவனங்கள் லேசில் கையில் கொடுப்பதில்லை. அப்படியானால் நடுவில் என்ன வைப்பீர்கள்?

---

கோவை நெட்வொர்க் | புதன், காலை 9:30

கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813 மாதிரி ஒரு மாற்றுப்பெட்டி. அதில் எஃப்எக்ஸ்ஓ ஓட்டை ஒன்று உண்டு, டயல்டோனை எஸ்ஐபி ஆக்கும். லைனுக்கு ஒன்று வீதம் இரண்டு. அப்புறம் ஒரு சின்னக் கணினியில், அதையே எக்ஸ்சேஞ்ச் ஆக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள்...

சரி சரி, எழுதும்போதே எனக்கே தெரிகிறது. பாத்திரக்கடையில் ஆஸ்டெரிஸ்க் சர்வரை யார் பார்த்துக்கொள்வது. வாபஸ்.

ஆனால் ஒன்று. நாளைக்கு இவர் கடை நம்பரைத் தொழில் இணைப்பாக எஸ்ஐபி டிரங்க்கில் (இணையம் வழியே வரும் வெளிலைன்) எடுத்தால் நான் சொன்னதுதான் சரி. புதிதாக அலுவலகம் திறப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு 208 வாங்காதீர்கள்.

---

இன்டர்காம் மெக்கானிக் | புதன், காலை 9:44

அதை ஒத்துக்கொள்கிறேன். டயல்டோன் வரும் இடத்தில் என் பெட்டி, எஸ்ஐபி வரும் இடத்தில் உங்கள் பெட்டி.

---

ஓய்வுபெற்ற எஸ்டிடி | புதன், மாலை 5:20

தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். டெக்ட் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே டெக்டை வைத்து 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் சென்னை மைடாஸ் நிறுவனமும் சேர்ந்து கார்டெக்ட் என்று ஒன்றைச் செய்தார்கள். வீட்டுக்குள் ஐம்பது மீட்டர் போகிற தொழில்நுட்பத்தைக் கோபுரத்தில் ஏற்றி, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்கு போன் கொடுத்தார்கள். கூரையில் ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து சாதா போன். பேசிக்கொண்டே 35 கேபிபிஎஸ் இணையமும் வரும். பேசாவிட்டால் 70. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். மதுரை மேலூர் பக்கம் கிராமங்களில் இணைய மையங்கள் இதை நம்பித்தான் ஓடின.

கம்பி திருடுபோகும் காலம் அது. செம்பை அறுத்துக்கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிடுவார்கள். பித்தளைக்காரருக்குச் செம்பின் விலை தெரியும்.

ஒரு யோசனை: ஈபிஏபிஎக்ஸில் வெளிலைன் எடுக்க 0 வைக்காதீர்கள், 9 வையுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 போட வேண்டும். லைனுக்கு ஒரு 0, மொபைலுக்கு ஒரு 0 என்றால் உங்கள் அப்பா என்னைத் திட்டுவார்.

---

எதற்கு லேண்ட்லைன் | புதன், இரவு 8:02

கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன். வாட்ஸப் பிசினஸ் இருக்கிறது. அண்டாவைப் படம் எடுத்து, எடை எழுதி அனுப்பினால் முடிந்தது. இருபதாயிரம் எதற்கு?

---

கும்பகோணம் பித்தளை | புதன், இரவு 9:55

வாட்ஸப்பும் இருக்கிறது, தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அந்த நம்பரை முப்பது வருடமாக மஞ்சப்பையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். மன்னார்குடியில் ஒரு பாட்டி, பேத்தி கல்யாணத்துக்குப் பரணிலிருந்து எங்கள் பையை எடுத்து, அதைப் பார்த்து நம்பர் போட்டார். அந்த ஒரு ஆர்டரில் நாற்பத்திரண்டு உருப்படி. அப்பாவுக்குக் கைபேசி ஆகாது, "அது காதில் ஒட்டாது" என்பார். அவர் கல்லாவில் இருக்கும்வரை லேண்ட்லைனும் இருக்கும்.

மெக்கானிக் அண்ணன் சொன்னபடியே போகலாம் என்று நினைக்கிறேன். குடோனில் சிக்னல் சிக்கல் மட்டும் பாக்கி. கார்ட்லெஸ் பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, 90 அடி எதற்குப் போகவில்லை?

---

ஆன்டெனா மாமா | வியாழன், காலை 6:40

இதற்குத்தான் காத்திருந்தேன். காபியோடு உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளும்.

300 மீட்டர் என்பது மைதானத்தில், நடுவில் ஆடு மாடுகூட இல்லாமல். கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று அதே பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த 50-உம் ஐரோப்பியக் கட்டடத்துக்கு. உங்களுடையது பழைய செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம் இருக்குமா?

ஆனால் சுவர் அல்ல உங்கள் வில்லன். டெக்ட் அலையின் நீளம் சுமார் 16 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. அந்த அலைக்கு உங்கள் கடை ஒரு கண்ணாடி மாளிகை. எவர்சில்வர் தட்டு, பித்தளைக் குடம், அலுமினிய அண்டா, எல்லாமே அதைத் திருப்பி அடிக்கும். வாசலிலிருந்து குடோன் வரை இரண்டு பக்கமும் கூரை தொட அடுக்கியிருப்பீர்கள். ஒரே அலை பத்துத் திசையில் பட்டுப் பட்டு, ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதனால்தான் ஓர் இடத்தில் நின்றால் கர்ர், அரை அடி நகர்ந்தால் தெளிவு. பையன் ஓடும்போது கட் ஆவதும் அதனால்தான். அடுத்தமுறை நடக்கச் சொல்லுங்கள், நிற்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும்.

சரக்கு மாறினால் சிக்னலும் மாறும். தை மாதம் குடோன் நிறைந்திருக்கும்போது வராதது, ஆடியில் வரும்.

செய்ய வேண்டியது இது. பேஸைக் கல்லா மேசையில் வைக்காதீர்கள். கல்லாவே இரும்பு, சுற்றிலும் பாத்திரம். கணக்கு அறையில், அடுக்கின் உச்சிக்கும் மேலே, கூரைக்கு இரண்டடி கீழே மாட்டுங்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் மாடிக்கும் சம தூரம். சிக்கன முறை என்று ஒன்று இருக்கும், சக்தியைக் குறைத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஹேண்ட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையாவது லைனில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிக்கொண்டே நடங்கள். எந்த எண் விழுங்கப்பட்டதோ அங்கே தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் குடோன் பின்சுவர் வரை சிக்னல் வரவில்லை என்றால், அதை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்க ஓடாதீர்கள். ஈபிஏபிஎக்ஸ் வைக்கிறீர்கள் அல்லவா, குடோனுக்கு ஒரு வயர் இழுத்து, சுவரில் சாதா போன் மாட்டிவிடுங்கள். வயருக்கு அண்டா தெரியாது.

---

பல் டாக்டர் வீடு | வியாழன், காலை 11:15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கீழே கிளினிக், மேலே வீடு, இதே கதை. அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன்.

கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டில் போடுவது ரீசார்ஜ் ஆகும் ஏஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. எங்கள் உதவியாளர் ஒருமுறை கடிகாரத்துக்குப் போடும் சாதா ஏஏஏ போட்டு சார்ஜில் வைத்துவிட்டார். கசிந்து உள்ளே எல்லாம் அரித்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினால் புதுப்போன் மாதிரி இருக்கும். பலர் பேட்டரி செத்ததைப் போன் செத்ததாக நினைத்துத் தூக்கி எறிகிறார்கள்.

இரண்டாவது, கரண்ட். பழைய செம்பு லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், ஊரே இருண்டாலும் சாதா போன் பேசும். ஃபைபரில் அது கிடையாது. பெட்டி அணைந்தால் நம்பரே செத்துவிடும். ஃபைபர் பெட்டி, ஈபிஏபிஎக்ஸ், கார்ட்லெஸ் பேஸ் மூன்றுக்கும் இன்வெர்டர் லைன் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். நாங்கள் ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டோம், ஒரு மழைநாள் முழுக்க நோயாளிகள் "சுவிட்ச் ஆஃப்" என்றே நினைத்தார்கள்.

---

இன்டர்காம் மெக்கானிக் | வியாழன், மதியம் 1:30

டாக்டர் வீடு சொன்னது நூற்றுக்கு நூறு. டிஇஎஸ்824-இல் இன்னொரு வசதி உண்டு: பெட்டிக்குக் கரண்ட் போனால் முதல் வெளிலைன் தானாக முதல் எக்ஸ்டென்ஷனோடு ஒட்டிக்கொள்ளும். கடை நம்பரை முதல் லைனிலும், அப்பாவின் சாதா போனை முதல் எக்ஸ்டென்ஷனிலும் போடுங்கள். ஃபைபர் பெட்டி மட்டும் உயிரோடு இருந்தால் போதும், அப்பா பேசுவார்.

கார்ட்லெஸ் வாங்கும்போது ஃப்ளாஷ் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுதான் மாற்றிவிடும் சாவி.

---

கும்பகோணம் பித்தளை | 24 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4:10

எல்லாருக்கும் நன்றி. முடிவைச் சொல்லாமல் ஓடிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும், அதனால் எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் மூடிய ஒரு லாட்ஜிலிருந்து பழைய 824 கிடைத்தது. திறந்து பார்த்தோம், கருகல் இல்லை. கணக்கு அறையில் மாட்டியாயிற்று. கல்லாவில் அப்பாவுக்கு வயர் போன், பழைய சிவப்பு நிறம், அவரே தேர்ந்தெடுத்தது. கணக்கு அறையில் கார்ட்லெஸ் பேஸ் கூரைக்குக் கீழே, அதோடு இரண்டு ஹேண்ட்செட். மாடியில் எங்களிடம் இருந்த பழைய கார்ட்லெஸ்ஸே. குடோனுக்கு வயர். எல்லாம் சேர்த்துப் பட்ஜெட்டில் மூவாயிரம் மிச்சம்.

சாக்பீஸ் சோதனை செய்தோம். மாமா சொன்னது அப்படியே. பெயர் வெட்டும் மேசைக்குப் பின்னால் நான்கு குறி, குடோன் கதவுக்கு அப்பால் எண்ணவே முடியவில்லை. பையன்கள் நொண்டி விளையாட்டுக் கட்டம் போட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்று சந்தேகம்.

ஒன்று, எந்த போனிலும் அழைப்பவர் நம்பர் வரவில்லை. நேரே ஃபைபர் பெட்டியில் செருகினால் வருகிறது. இரண்டு, வெளியே இருப்பவர் வைத்துவிட்ட பிறகும் சில நேரம் லைன் பிசியாகவே நிற்கிறது. மூன்று, இதுதான் பெரியது: அப்பா பேசி முடித்ததும் கொக்கியை டக்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த நம்பர் போடுகிறார். அந்தப் பக்கம் இருப்பவருக்கு லைன் கட் ஆகாமல் பாட்டு ஓட ஆரம்பிக்கிறது. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் மூன்று நிமிடம் பாட்டுக் கேட்டுவிட்டு, பையனின் கைபேசிக்குக் கூப்பிட்டு "ஏன் தம்பி வெயிட்டிங்கில் போட்டீர்கள்?" என்கிறார்.

மச்சான் விஷயம்: நாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் வாங்கியே விட்டார். பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது, திரும்பும்போது எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். அக்கா கோபமாக இருக்கிறாள்.

---

இன்டர்காம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 8:35

முதலாவது: 824-இல் அழைப்பவர் நம்பருக்குத் தனி கார்டு போட வேண்டும். லாட்ஜ்காரர் போடாமல் விட்டிருப்பார். வாங்கும்போது உங்கள் ஃபைபர் பெட்டி டிடிஎம்எஃபில் அனுப்புகிறதா எஃப்எஸ்கேயா என்று கேட்டு, அதற்கேற்றதை எடுங்கள்.

இரண்டாவது: பழைய எக்ஸ்சேஞ்சில் எதிராளி வைத்ததும் லைனில் ஒரு சைகை வரும், பெட்டி அதைப் பார்த்து லைனை விடும். சில ஃபைபர் பெட்டிகள் அந்தச் சைகையைக் கொடுப்பதில்லை, வெறும் பிசி டோன் மட்டும் வரும். புரோகிராமில் பார்த்து மாற்ற வேண்டும். அடுத்த வாரம் குடந்தையில் ஒரு வேலை இருக்கிறது, வந்து பார்க்கிறேன்.

மூன்றாவது அப்பாவின் தவறே இல்லை. நாற்பது வருடப் பழக்கம். பழைய லைனில் தட்டினால் கட், இந்தப் பெட்டிக்குச் சின்னத் தட்டு என்றால் ஃப்ளாஷ், "இவரை ஹோல்டில் வை" என்று பொருள். கொக்கியை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் கட் ஆகும். சொல்லிப் பாருங்கள்.

---

கும்பகோணம் பித்தளை | ஞாயிறு, இரவு 9:02

சொல்லிப் பார்த்தேன். "போனை நான் பிடிக்கணுமா, அது என்னைப் பிடிக்கணுமா" என்கிறார்.

---

இன்டர்காம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 9:06

அப்படியானால் வரும்போது ஃப்ளாஷ் நேரத்தைக் குறைத்துவிடுகிறேன், அவர் தட்டினாலே கட் ஆகிவிடும். மாற்றிவிடும் வேலையைக் கார்ட்லெஸ்ஸின் ஃப்ளாஷ் பட்டனில் நீங்கள் பாருங்கள். நான் வருகிற வரைக்கும் அந்த ஹோல்ட் பாட்டையாவது நல்லதாக மாற்றி வையுங்கள்.